சீட்டு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது? டாரட்டும் நிகழ்தகவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வார நாள்களில் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். ஞாயிறு சாயங்காலம் வீட்டு முன்கூடத்தில் டாரட் சீட்டு (படம் பார்த்துக் குறி சொல்லும் சீட்டுக்கட்டு) விரிக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தச் சுற்றுவட்டார ரப்பர் தோட்டங்களில் பிறந்து, பிறகு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்குக் குடிவந்தவர்கள். கேட்கும் கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். உட்காரும் முன் படித்துவிட்டு வந்தால் இரண்டு பேருக்கும் நேரம் மிச்சம்.

கணக்கு டீச்சர் ஆச்சே, உங்களுக்கு இதில் நம்பிக்கை உண்டா?

நாளைக்கு நடக்கப்போவது சீட்டுக்குத் தெரியும் என்று நான் நம்பவில்லை. சீட்டை நடுவில் வைத்தால் மனிதர்கள் மனம்விட்டுப் பேசுவார்கள் என்று நம்புகிறேன், அதைக் கண்ணால் பார்த்தும் இருக்கிறேன்.

டாரட் பிறந்ததே ஆரூடத்துக்காக இல்லை. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் ஆடப்பட்ட சீட்டாட்டம் அது. 1781இல் கூர் த ழெபலான் என்ற பிரெஞ்சுக்காரர், இது பண்டைய எகிப்தியரின் ஞான நூல் என்று எழுதினார். அந்தக் காலத்தில் எகிப்திய எழுத்தை வாசிக்க உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது என்பதை இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். இன்று கடைகளில் கிடைக்கும் படங்களில் பெரும்பாலானவை 1909இல் லண்டனில் வெளியான சீட்டுக்கட்டைப் பின்பற்றியவை. வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித் என்ற பெண். ஆகவே "ஆயிரம் ஆயிரம் வருடத்துப் பழைய வித்தை" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

மூன்று சீட்டு எடுத்தேன், மரணச் சீட்டு வந்துவிட்டது. ஏதாவது ஆகுமா அக்கா?

ஆகாது. கட்டில் 78 சீட்டுகள். 22 பெரிய சீட்டுகள், மீதி 56 சின்னச் சீட்டுகள்; சின்னவை நான்கு வகை, வகைக்கு 14. மரணம் என்பது பெரிய சீட்டுகளில் 13ஆம் எண். மூன்று சீட்டு எடுத்தால் அது வரும் வாய்ப்பு 78இல் 3, சுருக்கினால் 26இல் 1. பத்துச் சீட்டு விரித்தால் 78இல் 10, கிட்டத்தட்ட 13 விழுக்காடு. தீபாவளி விடுமுறையில் 20 பேர் வந்து, ஒவ்வொருவரும் முழுக்கட்டைக் கலைத்து மூன்று மூன்று எடுத்தால், ஒருவருக்காவது மரணச் சீட்டு வரும் வாய்ப்பு 54 விழுக்காடு. அதாவது பாதிக்கும் மேல்.

இந்தக் கணக்கில் எடுப்பவரின் வயது எங்கேயாவது வந்ததா? 20 வயதுப் பையனுக்கும் 26இல் 1, 80 வயதுப் பாட்டிக்கும் 26இல் 1. இவர்கள் இருவரும் அடுத்த வருடத்தைப் பார்க்கும் வாய்ப்பு ஒன்றா என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் இல்லை என்று சொல்லும். ஆள் மாறியும் மாறாத ஓர் எண்ணிலிருந்து அந்த ஆளைப் பற்றி எதையும் எடுக்க முடியாது.

"மரணம் என்றால் மாற்றம் என்று அர்த்தம், பயப்படாதீர்கள்" என்பது சீட்டு வைக்கிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் ஆறுதல். நானும் சொல்வேன். அந்த ஆறுதலும் படம் வரைந்தவரும் படிக்கிறவரும் கொடுத்ததுதான்.

இதே போல "பெரிய சீட்டு விழுந்திருக்கிறது, பெரிய விஷயம் நடக்கப்போகிறது" என்பார்கள். மூன்று சீட்டில் ஒரு பெரிய சீட்டாவது வரும் வாய்ப்பு 64 விழுக்காடு. பத்துச் சீட்டில் 97. வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

போன மாதம் வந்த அதே சீட்டு இந்த மாதமும் வந்தது. அதில் ஏதோ இருக்கத்தானே வேண்டும்?

முதல் தடவை மூன்று, அடுத்த தடவை மூன்று. முதலில் வந்த மூன்றில் ஒன்றாவது திரும்ப வரும் வாய்ப்பு 11 விழுக்காடு, ஒன்பது பேரில் ஒருவருக்கு நடக்கும். அந்த ஒருவர்தான் என்னிடம் வந்து சொல்கிறார். மற்ற எட்டுப் பேர் "போன மாதச் சீட்டு எதுவும் வரவில்லை டீச்சர்" என்று சொல்ல வருவதில்லை.

கைப்பேசி ஆப்பில் தினம் ஒரு சீட்டு எடுக்கிறவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும். 78 சீட்டு இருக்கிறதே, மாதக்கணக்கில் ஆகும் என்று தோன்றும். கணக்குப் போட்டால், 11 நாளில் ஏதாவது ஒரு சீட்டு இரண்டாம் முறை தலைகாட்டும் வாய்ப்பு 52 விழுக்காடு. ஒரு மாதத்தில் அது ஏறக்குறைய நிச்சயம். ஒரே வகுப்பில் இரண்டு பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் ஒன்றாக வருகிறதே, அதே கணக்கு.

கையால் கலைக்கும்போது இன்னொன்றும் உண்டு. 52 சீட்டுக் கட்டை இரண்டாகப் பிரித்து, ஓரங்களைச் சரசரவென ஒன்றுக்குள் ஒன்று விட்டுக் கலைக்கும் முறையில், சுமார் ஏழு தடவை கலைத்தால்தான் நன்றாகக் கலையும் என்று 1992இல் டேவ் பேயரும் பெர்சி டயகோனிஸும் காட்டினார்கள். 78 சீட்டுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். நம் ஆள்கள் உள்ளங்கையில் வைத்துக் கொத்துக் கொத்தாக மாற்றுவது அதைவிட எவ்வளவோ மந்தமான முறை. போன ஆளுக்கு ஒன்றாக விழுந்த சீட்டுகள் உங்களுக்கும் ஒன்றாக விழுந்தால், கட்டு சரியாகக் கலையவில்லை என்பதைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

ஆனால் என் வீட்டில் நடந்ததை அப்படியே சொன்னாரே ஒருவர்!

என்ன சொன்னார் என்று கேட்டால் பெரும்பாலும் இவைதான்: வீட்டில் ஒருவருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு). ஒரு பிள்ளை வெளியூரில். நிலம், வீடு சம்பந்தமாக ஒரு பேப்பர் இழுத்துக்கொண்டிருக்கிறது. சொந்தத்தில் ஒருவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

நம் ஊரில் எந்தக் கதவைத் தட்டி இதைச் சொன்னாலும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். 2019 தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் பத்துக்கு மூன்று பேருக்கு இனிப்பு நீர். ஒருவருக்கு இருப்பதும் இன்னொருவருக்கு இருப்பதும் தொடர்பில்லாதவை என்று வைத்தால், ஆறு பெரியவர்கள் உள்ள குடும்பத்தில் ஒருவருக்காவது இருக்கும் வாய்ப்பு 88 விழுக்காடு. (உண்மையில் அது குடும்பம் குடும்பமாக வரும் நோய், அதனால் எண் சற்றுக் குறையும். ஆனால் சித்தப்பா, அத்தை, மாமனார் வீடு எல்லாம் சேர்த்தால் மறுபடி ஏறிவிடும்.)

1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு குணநலத் தேர்வு வைத்தார். பிறகு ஒவ்வொருவருக்கும் "உன்னுடைய முடிவு" என்று தனித்தனித் தாள் கொடுத்தார். எத்தனை பொருத்தம் என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. எல்லாத் தாளிலும் இருந்தது ஒரே வாசகம், பெரும்பகுதி கடையில் விற்ற ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது. இதைவிட எனக்குப் பிடித்தது ரே ஹைமனின் கதை. இளவயதில் கைரேகை பார்த்துச் சம்பாதித்தவர் அவர், அதை நம்பியும் இருந்தார். மேடை வித்தைக்காரர் ஒருவர் சொன்ன யோசனைப்படி, ரேகை சொல்வதற்கு நேர் எதிராகச் சொல்லிப் பார்த்தார். வந்தவர்கள் அப்போதும் அச்சாகச் சொன்னீர்கள் என்று வியந்தார்கள். அவர் பிறகு உளவியல் பேராசிரியர் ஆனார்.

சிங்கப்பூர் கிளி உலகக் கிண்ணத்தையே சரியாகச் சொன்னதே?

மணி! 2010இல் தேக்கா பக்கம் கிளி ஜோசியக்காரரிடம் இருந்த கிளி. உலகக் கிண்ணக் கால்பந்தின் கால் இறுதி ஆட்டங்கள் நான்கிலும் வெல்லப்போகும் அணியின் சீட்டைச் சரியாக எடுத்தது, ஸ்பெயின்–ஜெர்மனி அரை இறுதியையும் எடுத்தது. அந்த நாள்களில் இங்கே சாப்பாட்டுக் கடைகளில் வேறு பேச்சே இல்லை. இறுதி ஆட்டத்துக்கு நெதர்லாந்துச் சீட்டை எடுத்தது. ஸ்பெயின் 1–0 என்று வென்றது. ஜெர்மனியில் இருந்த பால் என்ற ஆக்டோபஸ் அந்தக் கிண்ணத்தில் எட்டுக்கு எட்டு.

காசு சுண்டினாலே ஐந்துக்கு ஐந்து சரியாக வரும் வாய்ப்பு 32இல் 1, எட்டுக்கு எட்டு 256இல் 1. கிளி, ஆக்டோபஸ், முதலை, யானை என்று உலகம் முழுக்க எத்தனை பிராணிகளிடம் கேட்டார்கள்? தோற்றவற்றின் பெயர் பேப்பரில் வராது. முதலில் பெரிய கூட்டம் இருந்து, ஜெயித்தவை மட்டும் நம் கண்ணில் பட்டால், எட்டுக்கு எட்டு எங்கேயாவது ஓரிடத்தில் வந்துதான் தீரும்.

மணியை நான் குறை சொல்லவில்லை. "நெதர்லாந்து" என்று ஆட்டத்துக்கு முன்னால், எல்லோர் கண்ணெதிரிலும் எடுத்து வைத்ததே, அந்த நேர்மை பாதி ஜோசியக்காரர்களிடம் கிடையாது.

யாராவது ஒழுங்காகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா?

ஜாதகத்தைச் சோதித்திருக்கிறார்கள். 2008 வாக்கில் வானியலாளர் ஜெயந்த் நார்லிகர் மகாராஷ்டிராவில் செய்தது நமக்குப் புரியக்கூடியது. படிப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகள், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் என இரண்டு குழுவின் ஜாதகங்களையும் கலந்து, ஆளுக்கு 40 என்று சோதிடர்களிடம் கொடுத்தார். எது எந்தக் குழு என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். 27 பேர் பதில் அனுப்பினார்கள். மொத்தத்தில் 46 விழுக்காடு சரி. நாணயம் சுண்டினால் 50. அமெரிக்காவில் ஷான் கார்ல்சன் 1985இல் நேச்சர் இதழில் வெளியிட்ட சோதனையில், மூன்று குணச்சித்திரங்களில் ஜாதகருடையது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். சோதிடர்கள் பாதியாவது சரியாகச் சொல்வோம் என்றார்கள். கிடைத்தது மூன்றில் ஒன்று, குருட்டாம்போக்கில் எடுத்தாலும் வருவது.

"70 விழுக்காடு நடக்கும்" என்று சொன்னார், நடக்கவில்லை. அப்படியானால் பொய்தானே?

ஒரு தடவையை வைத்துப் பொய் என்றும் சொல்ல முடியாது, மெய் என்றும் சொல்ல முடியாது. 70 என்றால் பத்தில் மூன்று தடவை நடக்காது என்பதையும் அவரே சொல்லிவிட்டார். எண் சொல்கிற ஆளை எடைபோட அவர் சொன்ன நிறைய வாக்குகள் வேண்டும். 70 என்று சொன்னவற்றை எல்லாம் ஒரு பக்கம் சேர்த்து வைத்தால் அதில் ஏறக்குறைய 70 நடந்திருக்க வேண்டும்.

தோட்டத்தில் இதைப் படிக்காமலே செய்தார்கள். மழையில் ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது. பட்டை ஈரமானால் பால் வெட்டுக்கோட்டை விட்டு வழிந்து ஓடிவிடும், மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) சேராது. விடியுமுன் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் வரிசைக்கு) நிற்கும்போதே வானத்தைப் பார்த்து "இன்னிக்கு வெட்டு இருக்காது" என்று சொல்லும் கிழவர்கள் இருந்தார்கள். பத்து மணிக்குள் சரியா தவறா என்று தெரிந்துவிடும், மறுநாள் காலை மறுபடியும் பார்க்கலாம். வருடக்கணக்கில் அப்படித் திருத்தப்பட்ட கண் அது. யார் சொன்னால் நம்பலாம், யார் சும்மா அளக்கிறார் என்று லயத்துக்கே (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கே) தெரியும். சீட்டு வைக்கிறவருக்கு அந்தத் திருத்தம் கிடைப்பதே இல்லை. சொல்லிவிட்டுக் காசை வாங்கிக்கொள்கிறார், நடந்தவர் நன்றி சொல்ல வருகிறார், நடக்காதவர் வேறு ஆளைத் தேடிப் போகிறார்.

வானிலைக் கணிப்பை மதிப்பிட 1950இல் கிளென் பிரையர் ஒரு வழி கொடுத்தார். இடைநிலைப்பள்ளிப் படிவம் 5 பிள்ளை போடக்கூடிய கணக்குதான். நடந்தால் 1, நடக்காவிட்டால் 0. சொன்ன வாய்ப்புக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து, அதே எண்ணால் பெருக்குங்கள். எல்லா வாக்குகளுக்கும் சராசரி பாருங்கள். குறைவாக வந்தால் நல்லது.

ஒரு ஜோசியர் பத்து விஷயத்துக்கு "90 விழுக்காடு நிச்சயம்" என்றார், ஆறு நடந்தது என்று வையுங்கள். நடந்த ஆறுக்கு 0.01 வீதம் 0.06. நடக்காத நான்குக்கு 0.81 வீதம் 3.24. கூட்டி பத்தால் வகுத்தால் 0.33. ஒன்றுமே தெரியாமல் எல்லாவற்றுக்கும் "பாதிக்குப் பாதி" என்று சொல்கிறவருக்கு 0.25. பத்தில் ஆறு சரியாகச் சொன்னவர், ஒன்றும் தெரியாதவரிடம் தோற்றுவிட்டார். அவரைத் தோற்கடித்தது அந்த 90. தெரியாததைத் தெரிந்தது போல் அழுத்திச் சொன்னதற்குக் கொடுத்த விலை.

ஆகவே வாக்கு கேட்கப் போனால் மூன்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: என்ன நடக்கும், எந்தத் தேதிக்குள், எத்தனை விழுக்காடு. "நல்ல செய்தி வரும்" என்பது வாக்கே இல்லை. "டிசம்பர் 31க்குள் வேலை உறுதிக் கடிதம் கைக்கு வரும், 60 விழுக்காடு" என்பது வாக்கு. இப்படிக் கேட்டவுடன் பலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

கல்யாண வீட்டில் சங்கிலி காணாமல் போய்விட்டது. யார் எடுத்தது என்று பார்த்துச் சொல்லுங்களேன்.

மாட்டேன். எவ்வளவு நெருக்கமானவர் கேட்டாலும் மாட்டேன். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெரிய மனது பண்ணி, சீட்டுக்கு உண்மையிலேயே சக்தி உண்டு என்று ஒரு பேச்சுக்கு வைப்போம். எடுத்தவரைக் காட்டினால் 80 விழுக்காடு "ஆம்" என்று சொல்லும், எடுக்காதவரைக் காட்டினால் 80 விழுக்காடு "இல்லை" என்று சொல்லும். நல்ல சீட்டுதானே? அன்று இரவு வீட்டில் தங்கியவர்கள் 20 பேர், எடுத்தவர் அவர்களில் ஒருவர். 20 பேருக்கும் பார்க்கிறோம். எடுத்தவரைச் சுட்டும் வாய்ப்பு 0.8. எடுக்காத 19 பேரில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது சராசரி 3.8 பேர், சும்மா மாட்டுவார்கள். சுட்டப்பட்ட ஒருவர் உண்மையில் எடுத்தவராக இருக்கும் வாய்ப்பு 4.6இல் 0.8. வெறும் 17 விழுக்காடு. ஆறு பேரைச் சுட்டினால் ஐந்து பேர் நிரபராதி.

இது 1763இல் வெளியான தாமஸ் பேயஸின் கணக்கு. அவர் இறந்த பிறகு நண்பர் ரிச்சர்ட் பிரைஸ் வெளியிட்டது. 80 விழுக்காடு நம்பகமான சீட்டே இப்படி என்றால், சக்தியே இல்லாத சீட்டு 20இல் 1 என்ற பழைய இடத்திலேயே நிற்கும். ஆனால் "நீர்ப் பக்கம், மாநிறம், கல்யாணமாகாத பெண்" என்று நான் ஒரு வார்த்தை விட்டால், சமையல் வேலைக்கு வந்த பிள்ளையை அந்த வீடு ஆயுளுக்கும் திருடி என்று பார்க்கும். சங்கிலி பீரோவுக்குப் பின்னால் விழுந்திருக்கவும் கூடும், அதைக் கணக்கில் இன்னும் சேர்க்கவே இல்லை.

நோய், கர்ப்பம், கோர்ட் வழக்கு, மனைவி அல்லது கணவர் மீது சந்தேகம்: இவற்றுக்கும் நான் சீட்டு எடுப்பதில்லை.

சீட்டில் வந்த எண்ணை வைத்து நாலு நம்பர் லாட்டரி எழுதலாமா?

எழுதுவது உங்கள் காசு. 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள், ஒரு குலுக்கலுக்குப் பரிசு எண்கள் 23. "பெரியது" ஆட்டத்தில் 1 வெள்ளிக்கு (ரிங்கிட்) முதல் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500, பிறகு பத்து எண்ணுக்கு 180, பத்து எண்ணுக்கு 60. எல்லாம் கூட்டினால் 6,400. 10,000 எண்ணுக்குப் பங்கு போட்டால், போட்ட ஒரு வெள்ளிக்குச் சராசரியாகத் திரும்பி வருவது 64 காசு. "சின்னது" எழுதினால் 65. மரணச் சீட்டு வந்ததென்று 1313 எழுதினாலும், மோதிய காரின் நம்பரை எழுதினாலும், போன வாரம் அடித்த நம்பரையே எழுதினாலும் இந்த 64 அசையாது.

பரிகாரம் செய்தபின் நிலைமை சரியானதே, அது எப்படி?

எப்போது பரிகாரத்துக்குப் போனீர்கள்? எல்லாம் ஒன்றாகக் கெட்டு, இனி தாங்காது என்ற வாரத்தில். வாழ்க்கை மேலும் கீழுமாகப் போகிறது என்றால், அடியில் இருக்கும்போது எதைச் செய்தாலும் அதற்குப் பிறகு வருவது பெரும்பாலும் ஏற்றம்தான். எலுமிச்சம்பழம் சுற்றினாலும், தலைமுடி வெட்டினாலும். கோயிலுக்கு 10 வெள்ளி அர்ச்சனை உங்கள் மனதுக்கு. 800 வெள்ளி கேட்கிறவரிடம், செய்தும் சரியாகாவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று மட்டும் கேளுங்கள்.

அப்புறம் இந்தச் சீட்டு எதற்குத்தான் உதவும்?

யோசிக்க மறந்த கேள்வியை எடுத்துப் போட உதவும். சிங்கப்பூர் வேலைக்குப் போகலாமா என்று ஒரு தம்பி வருகிறான் என்று வையுங்கள். சம்பளத்தைப் பற்றியே பேசுவான். நான்கு கிண்ணங்கள் சீட்டு விழுகிறது. மரத்தடியில் உட்கார்ந்து, நீட்டிய கிண்ணத்தைப் பார்க்காமல் இருக்கும் ஆள். "உனக்கு இங்கே யாராவது ஏதாவது நீட்டி, நீ பார்க்காமல் இருக்கிறாயா?" என்று கேட்பேன். சில நேரம் அம்மாவின் பேச்சு வரும், சில நேரம் ஈப்போவில் ஒரு கடை வேலை. வேறு சீட்டு விழுந்திருந்தால் வேறு கேள்வி கேட்டிருப்பேன். எது விழும் என்பது தற்செயல் என்பதே இதில் நல்லது: நானோ அவனோ வழக்கமாகப் போகிற பாதையில் அது போகாது.

வாய்ப்பு எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் சீட்டை எடுத்து ஓரம் வைத்துவிடுவோம். உன்னைப் போலப் படித்து, உன்னைப் போல விண்ணப்பித்தவர்கள் எத்தனை பேர், கிடைத்தவர்கள் எத்தனை? பத்தில் மூன்று என்றால் 30இல் தொடங்கு. உன்னிடம் கூடுதலாக லைசன்ஸ் இருந்தால் கொஞ்சம் ஏற்று. அந்த எண்ணைத் தேதி போட்டு எழுதி வை. பிறகு கடிதம் வரட்டும், பார்ப்போம்.

காசு எவ்வளவு? எப்போது வரலாம்?

காசு வாங்குவதில்லை. ஞாயிறு நான்கு மணிக்கு மேல் வாருங்கள். எஸ்பிஎம் (படிவம் 5 பொதுத்தேர்வு) சமயத்தில் சீட்டு கிடையாது, டியூஷன் மட்டும். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு எடுப்பதில்லை. அவர்களுக்குச் சீட்டுக்கட்டைக் கொடுத்து, மூன்றில் ஒரு பெரிய சீட்டு வரும் வாய்ப்பைக் கணக்குப் போடச் சொல்வேன்.